டேங்க் அண்ணனின் சாக்ஸ்

டேங்க் அண்ணனுக்குக் கால் நாறும். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி வேறு எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாகிவிடும் என்பதால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ஏதோ வெயில் நாளில் கொஞ்சம் வீசும் என்கிற கதை இல்லை. அவர் ஷூவைக் கழற்றினால் பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். தூங்குகிறவர்கள் எழுந்து உட்காருவார்கள்.

வாலிபத்தில் அவரோடு ஒரே அறையில் தங்கியவர்கள் யாரும் மூன்று மாதத்தைத் தாண்டியதில்லை. அப்புறம் கொஞ்ச காலம் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணி தங்கமானவள், ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொன்னதில்லை. அவர் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவாள், அவ்வளவுதான். வைத்தியமும் பார்க்காமல் இல்லை. ஒரு டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். இன்னொரு டாக்டர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, அங்கேயே நின்றபடி, இது உடம்புவாகு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடவுள் பார்த்துக் கொடுத்த மாதிரி ஒரு மனைவி அமைந்தாள். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், வாசலில் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார்.

"நாத்தம் வருதா?" என்று கேட்டார்.

"என்ன நாத்தம்?" என்றாள் அவள். "எனக்கு மூக்கு வேலை செய்யாதுங்க. சின்ன வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட வாசனை போயிடுச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லியிருக்கவில்லை. டேங்க் அண்ணன் அந்த இடத்திலேயே நின்று அழாத குறை. உலகத்தில் எத்தனையோ பெண்கள் இருக்க, மூக்கு வேலை செய்யாத ஒருத்தி தனக்கு வந்து வாய்த்தாளே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டவர், இருபத்திரண்டு வருஷமாகியும் அந்தச் சந்தோஷத்தை விடவில்லை. அதற்குக் கைம்மாறாக அந்த வீட்டுக்கு அவரே மூக்கானார். பால் கெட்டிருக்கிறதா என்று அவர்தான் மோந்து பார்ப்பார். அடுப்பில் கேஸ் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர்தான். அவள் வீட்டிலேயே துணி தைத்து, பழைய உடுப்புகளை அளவு குறைத்துக் கொடுக்கிறவள். தைக்க வந்த துணியில் பூஞ்சை வாடை இருக்கிறதா என்றும் அவரிடமே நீட்டுவாள். யாராவது அவளுக்கு சென்ட் பாட்டில் பரிசு கொடுத்தால் மூடியைத் திறக்காமலே, "பாட்டில் நல்லா இருக்கு" என்று சொல்லி அலமாரியில் வைப்பாள். பாவம் என்று அவருக்கு மனசு கரையும். தெருவில் யாரோ குப்பை கொளுத்தும்போது அவள் சட்டென்று ஜன்னலைச் சாத்துவதை அவர் பார்த்திருக்கிறார்தான். புகை பட்டால் துணி கறுத்துவிடும் என்பாள். அதுவும் நியாயம்தானே.

இனி அவருடைய வேலையைப் பற்றி. அவர் இருந்தது மக்காச்சோளத்திலிருந்து ஸ்டார்ச் எடுக்கிற ஃபேக்டரி. முதலில் பல வருஷம் சிரப் பிரிவில் இருந்தார். ஸ்டார்ச் என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த நீளமான சரம். அதைக் கஞ்சியாகக் காய்ச்சி, என்சைம் ஊற்றினால், என்சைம் கத்தரிக்கோல் மாதிரி சரத்தைத் துண்டு துண்டாக வெட்டும். மணி மணியாக உதிர்ந்தால் சிரப். மிட்டாய்க்காரர்கள் வாங்கிப் போவார்கள். வெட்டுவதைத் தவிர அந்த என்சைமுக்கு வேறு புத்தி கிடையாது.

பிறகுதான் அவருக்கு டேங்க் அண்ணன் என்று பெயர் வாங்கிக் கொடுத்த புது டேங்க் வந்தது. அதில் ஊற்றுகிற என்சைமின் குணமே வேறு. அது சரத்தை வெட்டும். வெட்டிய துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து வளையமாக்கிவிடும். ஆறு மணி வளையம், ஏழு மணி வளையம், எட்டு மணி வளையம். இந்த ஃபேக்டரியில் வேண்டியது ஏழு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயர் டேங்க் அண்ணன் வாயில் நுழைய ஒரு மாதம் பிடித்தது. நுழைந்த பிறகு வெளியே வராத நாளில்லை. முடிவெட்டுகிறவரிடம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார். அந்த மனிதர் வேறு காரணத்துக்காக இடம் மாறி உட்கார்ந்ததை, டேங்க் அண்ணனோ, விஷயம் புரியாமல் எழுந்து போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டிலும் சொன்னார். அவள் தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே கேட்பாள்.

"வளையத்துக்கு வெளிப்பக்கம் தண்ணியோட ஒத்துப்போகும். உள்பக்கம் எண்ணெய்ப் பசையோட ஒத்துப்போகும். நாத்தம்னு சொல்றோமே, அது பெரும்பாலும் எண்ணெய்ச் சாதி. தண்ணியில கரைச்சு விட்டா, நேரா வளையத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். அப்புறம் வெளிய வராது. வெளிய வந்தாத்தானே மூக்குக்கு எட்டும்."

"அப்படியா" என்பாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாற்றத்தை அடக்குகிற பவுடரை நாளெல்லாம் செய்கிற ஆளுக்கு இப்படியொரு கால் என்பது ஃபேக்டரியில் எல்லோர் மனசிலும் இருந்தது. ஒருவர் வாயிலும் வரவில்லை. காரணம், அவரை எல்லோருக்கும் பிடிக்கும். இன்னொரு காரணம், டேங்க் அடியில் எப்போதும் வெதுவெதுப்பான ஈரம். அங்கே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எட்டு மணிநேரம் நின்றால் யார் காலும் கொஞ்சம் நாறத்தான் செய்யும். இவருடையதற்கு அந்தப் போர்வை இருந்தது.

வளைய டேங்கில் ஒரு சங்கடம் உண்டு. என்சைம் வளையம் கட்டிக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் வளையம் சேர்ந்துவிட்டால், கட்டிய வளையத்தை அதுவே அவிழ்க்க ஆரம்பித்துவிடும். குழந்தை தான் அடுக்கியதைத் தானே தட்டிவிடுகிற மாதிரி. சரியான நேரத்தில் சூட்டை ஏற்றி என்சைமை அடக்கியாக வேண்டும். அந்த நேரம் எது என்பதை லேப் மேடம் சோதித்துச் சொல்வாள். இளம்பெண், படித்தவள், ஒரு தடவை சொன்னால் அது தப்பாது. அவள் "நிறுத்துங்க" என்றதும் நீராவியைத் திறப்பது டேங்க் அண்ணன். பிறகு குளிரவைத்தால் பொடிப்பொடியாகப் படிகம் இறங்கும். பிழிந்து உலர்த்தினால் வெள்ளை வெளேரென்று பவுடர். அந்தப் பவுடரைக் கையில் அள்ளிப் பார்க்கும்போது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். வெட்டுகிற வேலையில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, சேர்க்கிற வேலைக்கு வந்துவிட்டோம் என்று நினைப்பார்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. சிரப் விற்ற மாதிரி பவுடர் விற்கவில்லை. பெரிய ஆர்டர் ஒன்று கிடைக்காவிட்டால் அந்த டேங்கையும் சிரப்புக்கே மாற்றிவிடுவது என்று முதலாளி முடிவு செய்தார். சிரப்புக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. டேங்க் அண்ணன் குடோனுக்குப் போய் மூட்டை அடுக்க வேண்டும். இடுப்பு ஏற்கெனவே அவர் பேச்சைக் கேட்பதில்லை. அதைவிட, இனி வளையம் செய்ய முடியாது என்ற நினைப்பு அவருக்குச் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

கடைசி நம்பிக்கையாக ஒருவர் வந்தார். ஷூ கம்பெனிக்காரர். ஷூவோடு சேர்த்து, காலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றும் விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். லேப் மேடம் ஒரு பாட்டிலில் வாங்கி வைத்திருந்த, வியர்வை மாதிரி நாறுகிற மருந்தைத் துணியில் தெளித்து, அதன்மேல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் தண்ணீரை அடித்துக் காட்டினாள். நாற்றம் அடங்கியது. அவர் திருப்திப்படவில்லை.

"இது பாட்டில் நாத்தம்மா" என்றார். "நான் விக்கப்போறது மனுஷங்களுக்கு. எனக்கு மனுஷ நாத்தத்துல காட்டுங்க. அடுத்த வாரம் வரேன்."

அவர் போனதும் லேப் மேடம் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் கண்ணாடி ஜன்னல் வழியாக, டேங்க் அடியில் நின்ற அண்ணனைப் பார்த்தார்.

மேனேஜர் நல்ல மனிதர், ஆனால் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவர். டேங்க் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்தார். குடும்பம் சௌக்கியமா என்று கேட்டார். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அண்ணே, ஒவ்வொருத்தருக்கும் ஒரு திறமை இருக்கும்."

"ஆமா சார்."

"சில திறமை கையில இருக்கும். சிலருக்கு மூளையில. உங்களுக்கு..." என்று நிறுத்தி, டீயைக் குடித்தார். "நம்ம கம்பெனிக்கு உங்க சாக்ஸ் வேணும்ணே."

டேங்க் அண்ணனுக்கு முதலில் காது சூடாகிவிட்டது. இத்தனை வருஷம் யாரும் சொல்லாததை ஒரு கிளாஸ் டீயைக் கொடுத்துச் சொல்லிவிட்டாரே என்று சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் குடோன் கண்முன் வந்தது. டேங்கும் வந்தது.

"எத்தனை ஜோடி சார்?" என்று கேட்டார்.

அந்த வாரம் முழுக்க ஒரே ஜோடியைப் போட்டார். துவைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு, வாயை இறுகக் கட்டி, பால்கனியில் வாளிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். மனைவியிடம் சொல்லவில்லை. கம்பெனிக்கு என் கால் நாற்றம் வேண்டுமாம் என்று எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் சொல்வான்? "பெரிய மனுஷர் ஒருத்தர் வராரு. நான் அவர் முன்னாடி நிக்கணுமாம்" என்று மட்டும் சொல்லி வைத்தார். அது பொய்யும் இல்லை. பெரிய நாளுக்கு முந்தின சாயங்காலம் பையை ஆபீஸ் பையின் அடியில் செருகிவிட்டு, மறுநாள் போட்டுக்கொள்ள நல்ல ஷூவையும் புது சாக்ஸையும் வாசலில் எடுத்து வைத்துவிட்டுத் தூங்கினார். பல நாளுக்குப் பிறகு நிம்மதியான தூக்கம்.

மறுநாள் லேப்பில் எல்லோரும் கூடினார்கள். ஷூ கம்பெனிக்காரர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். மேனேஜர் நாற்காலியைப் பின்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். லேப் மேடம் கையுறை மாட்டிக்கொண்டு பையின் முடிச்சை அவிழ்த்தாள். மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஒன்றுமில்லை.

லேப் மேடம் குனிந்து மோந்தாள். இன்னும் குனிந்தாள். ஷூ கம்பெனிக்காரர் பையை வாங்கி மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தார்.

"இதுல என்ன நாத்தம் இருக்கு?" என்றார். "என் கர்ச்சீஃப் இதைவிட நாறும்."

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, போட்டிருக்கற ஷூவைக் கழட்டுங்க" என்றார், கெஞ்சுகிற குரலில். அந்த வாக்கியத்தை அந்த ஃபேக்டரியில் அதுவரை எவரும் சொன்னதில்லை. டேங்க் அண்ணன் கழற்றினார். அதிலும் ஒன்றுமில்லை. ஐம்பது வருஷமாகக் கேட்காமலே வந்து நின்ற நாற்றம், கூப்பிட்டபோது வரவில்லை. அவமானத்தை எத்தனையோ விதமாகப் பார்த்தவர் அவர். கால் நாறவில்லை என்று தலைகுனிந்து நிற்பது அவருக்கே புதிதாக இருந்தது.

லேப் மேடம் சாக்ஸை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். அப்போதுதான் அவர் பார்த்தார். சாக்ஸ் தட்டையாக, பாதியாக மடிக்கப்பட்டு, நடுவில் கத்தி மாதிரி ஒரு மடிப்போடு இருந்தது. இஸ்திரி போட்டிருந்தது. உலகத்தில் சாக்ஸுக்கு இஸ்திரி போடுகிற ஒரே ஆள் யாரென்று அவருக்குத் தெரியும்.

"என் வீட்டுக்காரி" என்றார்.

"துவைச்சிட்டாங்களா?" என்றாள் லேப் மேடம். சாக்ஸைத் திருப்பிப் பார்த்தாள். பாதத்தில் அழுக்கு அப்படியே இருந்தது. அவள் கண் அகன்றது. "துவைக்கல. அண்ணே, அவங்களுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போன் போட்டார்.

"சாக்ஸை என்ன பண்ணினே?"

"ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் மனைவி, மிஷின் சத்தத்துக்கு நடுவே. "பெரிய மனுஷர் முன்னாடி நிக்கப்போறேன்னு சொல்லிட்டு, மாத்திப் போட அந்த சாக்ஸையா எடுத்துட்டுப் போவீங்க? ராத்திரியில துவைச்சா காயாது. அதான் நீங்க போன வருஷம் கொண்டாந்து கொடுத்த பவுடரைத் தண்ணியில கலக்கி, இஸ்திரிக்குத் தண்ணி தெளிக்கிற பாட்டில்ல ஊத்தி அடிச்சேன். ஷூவுக்கும் அடிச்சேன். அடிச்சுக் காயவெச்சு இஸ்திரி போட்டேன். தப்பா?"

"அக்கா, நான் லேப்ல இருந்து பேசறேன்" என்றாள் லேப் மேடம். கையில் பேனா வந்துவிட்டிருந்தது. "எவ்வளவு பவுடர் போட்டீங்க?"

"முதல்ல ஒரு ஸ்பூன் போட்டேன் மேடம்."

"போட்டப்ப எப்படி இருந்துச்சு?"

"பாதி குறைஞ்சுது. குதிகால் பக்கம் நின்னுடுச்சு, விரல் பக்கம் அடங்கல. அப்புறம் வெதுவெதுன்னு தண்ணி வெச்சு இன்னொரு ஸ்பூன் கலக்கி அடிச்சேன். அப்பத்தான் விரல் பக்கமும் போச்சு. ஆனா மேடம், ஈரமா இருக்கறப்ப நல்லா தெரியல. காஞ்சப்புறம் மோந்து பாத்தேன், சுத்தமா இல்ல."

லேப் மேடம் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஷூ கம்பெனிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டேங்க் அண்ணன் மட்டும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அந்தப் பக்கம் மிஷின் நின்றது. பிறகு, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஷூ கம்பெனிக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்திலேயே ஆர்டர் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். லேப் மேடம் விடவில்லை. கதை கேட்டு வாங்கினால் நாளைக்கு வேறு கதை கேட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள் என்பது அவள் கட்சி. இன்னொரு வாரம் அண்ணன் ஒரு ஜோடியைத் துவைக்காமல் போடட்டும், இடது காலுக்கு அந்த அக்கா கையாலேயே ஸ்ப்ரே, வலது காலுக்கு ஒன்றும் கூடாது, முக்கியமாக இஸ்திரி கூடாது என்றாள். அப்படியே செய்தார்கள். ஷூ கம்பெனிக்காரர் இடதை மோந்துவிட்டு வலதை மோந்தார், உடனே தண்ணீர் கேட்டார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். டேங்க் இன்றைக்கும் வளையம்தான் செய்கிறது. குடோனில் மூட்டை அடுக்க வேறு ஆள் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் ஒரு வாரம் கழித்து. அன்றைக்குச் சாயங்காலம் டேங்க் அண்ணன் வீட்டுக்குப் போன கதை மிச்சமிருக்கிறது.

வழியெல்லாம் அவருக்குக் கோபம். இருபத்திரண்டு வருஷம் ஏமாந்தோமே என்று கோபம். மாடிப்படி ஏறும்போது அது வெட்கமாகிவிட்டது. எத்தனை சாயங்காலம் கூச்சமே இல்லாமல் அவள் தைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, வளையத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியிருப்போம் என்று எண்ணியபோது, திரும்பி இறங்கிவிடலாமா என்றிருந்தது. அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"பால் கெட்டுப்போச்சான்னு பாக்கச் சொல்வியே" என்றார், நின்ற இடத்திலிருந்தே.

"கெட்டா எனக்கே தெரியும்."

"அன்னைக்கு கேஸ் கசிஞ்சுதே?"

"நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. நானே மூடிட்டேன். நீங்க வந்து மோந்து பாத்துட்டுப் பயப்படாதேன்னு சொன்னீங்க. சரின்னேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? காலைக் கழட்டியா வைக்க முடியும்?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அன்னைக்கு ஷூவைக் கையில பிடிச்சிக்கிட்டு நின்னீங்களே, திட்டு வாங்கப்போற பிள்ளை மாதிரி. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு நாறுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொன்னேன். சொன்னப்புறம் மாத்திச் சொல்ல முடியல."

அவர் பேச்சை மாற்றி, லேப் மேடம் சொன்ன விஷயத்தைச் சொன்னார். இன்னும் ஒரு வாரம் துவைக்காத சாக்ஸ். வலது காலுக்கு ஒன்றும் அடிக்கக் கூடாது. அதனால் இந்த வாரம் முழுக்கத் தான் ஃபேக்டரி ஓய்வறையிலேயே படுத்துக்கொள்வதாகவும், காலையில் வந்து குளித்துவிட்டுப் போவதாகவும் சொன்னார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆமா, நாறுது" என்றாள். "படியேறறப்பவே நாறுது. மழைக்காலத்துல ரொம்ப நாறும். உங்க பழுப்பு ஷூ இருக்கே, அதை நினைச்சாலே எனக்குத் தலைவலி வரும். இருபத்திரண்டு வருஷம் பொய் சொல்லிட்டு உங்க பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு வாரம் உண்மையைச் சொல்லிட்டுப் படுக்கக் கூடாதா? உள்ள வாங்க."

அவர் உள்ளே போனார். அவள் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, காற்று தலைப்பக்கமிருந்து கால்பக்கம் போகிற மாதிரி திருப்பி வைத்தாள்.